அகலப் பக்கம் கருகிய கல்

அத்தியாயம் 11

'டமார்!'

கண்டெய்னரின் இரும்புக் கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்க்கம்பி விழுந்தது. ஒரு பூட்டு 'க்ளிக்'கென்று வாயை மூடிக்கொண்டது.

இருட்டு.

"காத்து சாத்தியிருக்கும்," என்றான் செச்சாபா.

"காத்து பூட்டும் போடுமா?" என்றாள் மொசிதி.

அவன் கத்துவதற்கு வாயைத் திறந்தான். மொசிதியின் கனத்த உள்ளங்கை அதைப் பொத்தியது. "கத்தாதே. முதல்ல கேளு."

கேட்டார்கள். இரண்டு ஜோடிக் காலடிகள் ஜல்லியில் நடந்து விலகின. இரண்டு ஆண் குரல்கள். என்ன பேசினார்கள் என்று இரும்புச் சுவர் சொல்லவில்லை. ஒரு காரின் கதவுகள் சாத்தப்பட்டன. கார் போய்விட்டது.

"இப்ப கத்து," என்றாள் மொசிதி, கையை எடுத்து.

"இப்ப யாருக்குக்கா கேக்கும்? கல்லுக்கா?"

இருந்தாலும் கத்தினான். "பாசேகா அண்ணே! பாசேகா அண்ணே!" என்று தொண்டை கிழியக் கத்தினான். கேட்டருகே காத்திருப்பதாகச் சொன்ன பாசேகாவிடமிருந்து பதில் இல்லை. வெட்டவெளிக்கு அப்பால் செபோகெங் குடியிருப்புப் பக்கமிருந்து ஒலிபெருக்கியில் சவப் பாட்டு மட்டும் மெல்ல வந்தது.

மொசிதியின் உதவியாளன் செச்சாபாவுக்கு மூடிய இடம் ஆகாது. லிஃப்ட்டில் ஏற மாட்டான். மினிபஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் அடுத்த வண்டிக்கு நிற்பான். பயம் வந்தால் அவனுக்குக் கால் நடுங்காது, வாய் நடுங்கும். நிற்காமல் பேசுவான்.

"நல்ல சாவுக்கா இது. லெபோனா வீட்டுல இன்னைக்கு மாடு அடிச்சிருக்காங்க. சோளக்களி, பீட்ரூட்டு, அச்சார் ஊறுகா. ஊரே அங்க சாப்பிடும். நாம இங்க பழைய கல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடப்போம்."

"போன்ல சிக்னல் இருக்கா பாரு."

"இரும்புப் பெட்டிக்குள்ள சிக்னல் எங்க வரும்? வெளியிலயே கரண்ட்டு போனா டவரும் சேர்ந்து படுத்துக்குது. என் போன்லயும் சார்ஜ் இல்ல, உங்களுது கார்ல கிடக்கு."

மொசிதி அண்ணாந்து பார்த்தாள். கூரையின் மூலையில் துருப்பிடித்த ஓட்டை ஒன்று இருந்தது. அது வழியாக ஒரு விரல் கனத்துக்கு வெளிச்சம் விழுந்தது. அவர்களுக்கு முன்னால் கழுத்தளவு உயரத்துக்கு உலைச்செங்கற்கள் குவிந்து கிடந்தன.

இந்தக் கற்களைத் தேடித்தான் அவர்கள் வந்திருந்தார்கள்.

எஃகு ஆலையில் ஒரு லேடில் ஓட்டையானதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். லேடில் என்றால் உருகிய எஃகைத் தூக்கிச் செல்லும் ராட்சத வாளி. உள்ளே வட்டம் வட்டமாக உலைச்செங்கல் பதித்திருப்பார்கள். கல் இல்லாவிட்டால் எஃகு அந்த வாளியையே தின்றுவிடும். அன்றைக்குக் கல்லைத் துளைத்துக்கொண்டு எஃகு பாய்ந்தது. கீழே நின்ற லெபோனா ஆஸ்பத்திரியில் சில நாள் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்து, பிறகு விட்டுவிட்டார்.

விசாரணையில் லேடில் பிரிவின் மேலாளர் மலோகா ஒரே ஒரு கல்லை மேஜைமேல் வைத்தார். அதில் 'டி' என்ற முத்திரை இருந்தது. டிசேபோவின் யார்டு முத்திரை. ஆலையில் தேய்ந்து கழிந்த கற்களை எடுத்து, ஒட்டி இறுகிய உலைக் கசடைத் தட்டி, தரம் பிரித்து, அரைத்து, மறுபடி கல்லாகச் சுட்டு அதே ஆலைக்கு விற்கிறவள் டிசேபோ. முன்பெல்லாம் லாரி லாரியாகப் பள்ளத்தில் கொட்டி மூடிய குப்பை அது. இப்போது அதில் ஒரு தெருவே அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தது.

"குப்பையில செஞ்ச கல். அதான் ஆளைக் கொன்னுடுச்சு," என்றார் மலோகா. அன்று சாயங்காலமே டிசேபோவை லாக்கப்பில் வைத்தார்கள். யார்டுக்கு சீல் வைக்க ஏற்பாடு நடந்தது.

லாக்கப் கம்பிக்கு வெளியே நின்று டிசேபோவின் கேஸை எடுத்துக்கொண்டபோது துப்பறியும் மொசிதி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஒரு லேடில்ல நூத்துக்கணக்குல கல்லு இருக்கும். ஒண்ணு மேஜைக்கு வந்துச்சு. மத்ததெல்லாம் எங்க?"

இன்று ஊரே லெபோனாவின் அடக்கத்துக்குப் போகிற நேரம் பார்த்து யார்டுக்கு வந்தாள். காரை ஒரு கடைக்குப் பின்னால் மறைத்து நிறுத்தினாள். டிசேபோவின் சூளையைப் பார்த்துக்கொள்ளும் பாசேகா கறுப்புக் கோட்டு சூட்டோடு கேட்டைத் திறந்துவிட்டார். அவர் மனைவிக்கு லெபோனா உடன்பிறந்த அண்ணன். சவப்பெட்டிக்குத் தோள் கொடுக்க வேண்டியவர். "நீங்க பாருங்கம்மா, நான் இங்க நிக்கறேன்," என்றார், முகத்தைப் பார்க்காமல்.

யார்டில் எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிறத் தூசி விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. கிரஷர், தராசு, வரிசையாய் நின்ற பழைய கண்டெய்னர்கள், எல்லாம் மாவில் புரண்டதுபோல் இருந்தன. கடைசிக் கண்டெய்னரின் கைப்பிடி மட்டும் பளபளவென்றிருந்தது.

"இதை யாரோ அடிக்கடி கை குலுக்கியிருக்காங்க," என்றான் செச்சாபா. பூட்டு வாய் திறந்து தொங்கியது. உள்ளே போனார்கள். 'டமார்.'

கதவை முட்டி முட்டிப் பார்த்ததிலேயே ஒரு மணி நேரம் போனது. பிறகு கூரைமேல் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு ஒரு கூடை சொட்டு. பிறகு வானமே கொட்டியது. அந்த ஊர் மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது. மத்தியானம் வெயிலில் நிற்கும்போதே தலையில் கொட்டும். ஓட்டை வழியாகத் தண்ணீர் கயிறுபோல் இறங்கிக் கல் குவியலில் விழுந்தது.

"தாகத்துக்காவது வழி பிறந்துச்சு," என்றான் செச்சாபா. அடுத்த மூச்சில் முகத்தைச் சுளித்தான். "அக்கா... நீங்க ஒண்ணும்..."

"நானில்ல."

"பஸ் ஸ்டாண்டு மூத்திரச் சந்து மாதிரி நாறுதே!"

வாடை மூக்கில் ஏறி, கண்ணில் இறங்கி எரிந்தது. குவியலுக்குள்ளிருந்து 'உஸ்ஸ்' என்று பாம்பு மூச்சு விடுவதுபோல் ஒரு சத்தம். எது என்று பார்க்க செச்சாபா பாக்கெட்டிலிருந்து சிகரெட் லைட்டரை எடுத்தான். கட்டைவிரல் சக்கரத்தைத் தொட்டது.

பளார்!

மொசிதி அறைந்த அறையில் லைட்டர் எங்கோ போய் விழுந்தது. அவன் கன்னம் ஜிவ்வென்றது.

"அம்மா தாயே! எதுக்குக்கா?"

"அதைப் பத்த வெச்சிருந்தா லெபோனாவைப் புதைக்கறதுக்கு முன்னாடியே நாம ரெண்டு பேரும் மேல போயிருப்போம்." அவள் குரல் முதல்முறையாகத் தளர்ந்திருந்தது. "டிசேபோ சொன்னா. இந்தக் கல்லுல அலுமினியத் தூள் கலப்பாங்களாம். உருகின எஃகுப் பக்கத்துல கிடந்து வேகும்போது அந்தத் தூள் வேற ஒண்ணா மாறிடும். அப்புறம் தண்ணி பட்டா காத்து விடும். ஒரு காத்து நாறும். இன்னொண்ணு நாறாது. நாறாதது தான் நெருப்பைக் கண்டா வெடிக்கும். அதுக்காகத்தான் யார்டுல இந்தக் கல்லை நனைய விடமாட்டாங்க."

"இப்ப நனையுதே!"

"ஆமா."

"அப்ப கதவை உடைப்போம்." கல்லொன்றை எடுத்து ஓங்கினான்.

"இரும்புல கல்லை அடிச்சா பொறி பறக்கும்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. லைட்டர் ஆகாது. கல் ஆகாது. கத்தினால் கேட்க ஆளில்லை. காற்றோ நிமிஷத்துக்கு நிமிஷம் கெட்டுக்கொண்டிருந்தது. செச்சாபாவுக்குச் சுவர் நாலும் ஒவ்வொரு அங்குலமாக உள்ளே நகர்வதுபோல் இருந்தது. மார்பில் யாரோ உட்கார்ந்துகொண்டார்கள்.

"அக்கா, நான் செத்துட்டா எங்க அம்மாகிட்ட, பையன் கடைசிவரைக்கும் அழகாத்தான் இருந்தான்னு சொல்லுங்க."

"பொய் சொல்ல மாட்டேன். கையை நீட்டு."

"எதுக்கு?"

"மூளைக்கு வேலை குடுத்தா பயம் ஒதுங்கும். நீட்டு."

நீட்டினான். மொசிதி ஒரு கல்லை அவன் கையில் வைத்தாள். "கண்ணு வேண்டாம். தடவிப் பாத்துச் சொல்லு."

தடவினான். கல் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுங்கியும் இருந்தது. ஒடுங்கிய பக்கம் கண்ணாடிபோல் வழவழவென்று உருகி இறுகியிருந்தது. கசடு.

"பூசணிக்காயைக் கீத்துப் போட்ட மாதிரி இருக்கு."

"அதே தான். வட்டமா அடுக்கணும்னா கீத்து மாதிரிதான் கல்லை அறுக்கணும். கீத்தோட ஒடுங்கின பக்கம் எங்க இருக்கும்?"

"உள்ள. நடுவுல."

"எஃகு எங்க இருக்கும்?"

"அதுவும் நடுவுல. அதான் ஒடுங்கின பக்கம் கருகியிருக்கு. சரி, பாடம் புரிஞ்சுது, மார்க்கு போடுங்க, வெளிய விடுங்க."

"கல்லோட நீளத்தையும் பாரு."

பார்த்தான். புதுக்கல் முழங்கையில் பாதி நீளம் இருக்கும். இது அவன் உள்ளங்கையைத் தாண்டவில்லை. இன்னொன்றை எடுத்தான், அதுவும் அப்படியே. மூன்றாவது அதைவிட மோசம். பின்பக்கத்தில் முத்திரையைத் தடவினான். 'டி' இல்லை. ஒரு வட்டமும் குறுக்குக் கோடும். ஆலை வெளியூரிலிருந்து வரவழைக்கும் புதுக் கற்களின் முத்திரை அது.

அவனுக்கு ஒரு கணம் சுவர்கள் மறந்துபோயின. "அக்கா! இது அந்த லேடில் கல்லு! எல்லாம் புதுசா வாங்கின கல்லு. டிசேபோவோடது ஒண்ணுகூட இல்ல. தேஞ்சு தேஞ்சு உள்ளங்கை அளவுக்கு வந்துடுச்சு. இதை எப்பவோ பிரிச்சுட்டு மாத்தியிருக்கணும்!"

"மாத்தணும்னா லேடிலை நிறுத்தணும். நிறுத்தினா மலோகாவோட உற்பத்தி குறையும். இன்னும் ஒரு தடவை ஊத்திக்கலாம், இன்னும் ஒரு தடவைன்னு ஓட்டியிருக்காரு."

"அப்ப மேஜைமேல வெச்ச கல்லு?"

"உன் கையில பிளாஸ்திரி இருக்கே, அது எப்படி வந்துச்சு?"

விசாரணை அறையில் அந்தக் கல்லைத் தூக்கிப் பார்த்தபோது கசடு ஓரம் அவன் உள்ளங்கையைக் கிழித்திருந்தது. "அந்தக் கல்லுதான் கிழிச்சுது. கருகின பக்கத்தோட ஓரம், இந்த முனையிலேருந்து அந்த முனை வரைக்கும்."

"இந்தக் கல்லோட கருகின பக்கத்தைக் காயத்துமேல வெச்சுப் பாரு."

வைத்தான். காயம் கல்லின் இரு ஓரத்தையும் தாண்டி நீண்டது. திருப்பி, கருகாத அகலப் பக்கத்தை வைத்தான். காயம் கச்சிதமாகப் பொருந்தியது.

"அந்தக் கல்லுல அகலப் பக்கம் கருகியிருந்துச்சு!" அவன் குரல் கீச்சிட்டது. "அகலப் பக்கம் லேடிலோட இரும்புச் சுவரைப் பாத்துல்ல இருக்கும்! அங்க எஃகே படாதே. அந்தக் கல்லு லேடிலுக்குள்ள போனதே இல்ல. எவனோ போலியா சுட்டு வெச்சிருக்கான். அதுவும் முழு முட்டாளு, எந்தப் பக்கம்னுகூடத் தெரியாம."

மொசிதி இருமினாள். நீண்ட இருமல். ஓய்ந்ததும் சுவரில் சாய்ந்தாள். "முட்டாளா? அந்தக் கசடு நிஜக் கசடு. பசை வெச்சு ஒட்டினது இல்ல. சூளையில பதமா உருக்கி ஏத்தினது. தேஞ்ச மாதிரி கல்லைச் சரிவா அறுத்திருந்தான். அவ்வளவு கைநேர்த்தி உள்ளவனுக்குப் பக்கம் மட்டும் தெரியாமப் போயிடுமா?"

"அப்ப?"

"தெரிஞ்சே மாத்தியிருக்கான். பொய் சொல்லச் சொல்லி எவனோ கழுத்தைப் பிடிச்சிருக்கான். இவன் பொய்யைச் சொல்லிட்டு, அது பொய்தான்னு அதுலயே எழுதியும் வெச்சிருக்கான். விவரம் தெரிஞ்ச ஒருத்தர் கண்ணுல பட்டாப் போதும்னு."

"இந்த ஊர்ல அப்படி ஒரு சூளை ஒருத்தர்கிட்டதான் இருக்கு."

"ஆமா."

"கேட்டுல நின்னவர்கிட்ட."

"ஆமா."

"நம்மளை உள்ள வெச்சுப் பூட்டினவரும்..."

இந்தமுறை இருமல் அவளைக் கீழே உட்கார வைத்தது. உட்கார்ந்த வேகத்தில் 'மளுக்' என்று ஒரு சத்தம்.

"அக்கா! எலும்பா?"

"தரை." அவள் கையால் தடவினாள். "கண்டெய்னருக்குத் தரை மட்டும் மரம். ரொம்ப நாளா ஒழுகி ஒழுகி ஊறிப்போயிருக்கு. என் உடம்பால ஒரு நன்மை நடந்துடுச்சு பாத்தியா?"

இரண்டு பேரும் அந்த மூலைக் கற்களை வாரி எறிந்தார்கள். தண்ணீர் பட்டுச் சூடாகியிருந்த கற்கள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மரத்தில் மட்டும் அடி, இரும்பில் படாதே என்று மொசிதி திரும்பத் திரும்பச் சொன்னாள். செச்சாபா குதிகாலால் உதைத்தான். நகம் பெயரப் பலகையைப் பிய்த்தான். நனைந்த ரொட்டிபோல் அது பிட்டுப் பிட்டு வந்தது. கீழே சேற்று வாடையோடு குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. அவ்வளவு இனிப்பான காற்றை அவன் அதுவரை குடித்ததில்லை.

ஆனால் பலகைக்குக் கீழே இரண்டு இரும்புச் சட்டங்கள் குறுக்கே ஓடின. நடுவில் இருந்த சந்து ஒரு பூனைக்குப் போதும். ஒல்லியான மனிதனுக்கு, போதலாம்.

"நான் இதுல தலையைக்கூட விட முடியாது," என்றாள் மொசிதி.

செச்சாபா சந்தைப் பார்த்தான். லிஃப்ட்டு என்ன, இது லிஃப்ட்டின் கதவிடுக்கு. ஏதாவது ஒரு ஜோக் சொல்ல வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை.

"அக்கா, என்னால முடியாது."

"முடியாதுன்னா உக்காரு. ரெண்டு பேரும் இந்த ஓட்டைகிட்ட மூக்கை வெச்சுக்கிட்டு எவனாவது வருவான்னு இருப்போம்." அவள் பேச்சில் கோபம் இல்லை. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினாள். ஓட்டையை அவனுக்கு விட்டுவிட்டு அவள் சுவரோரமே உட்கார்ந்திருக்கிறாள் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

காலை முதலில் விட்டான். இடுப்பு போனது. மார்பு மாட்டிக்கொண்டது. முன்னால் ஒரு சட்டம், முதுகில் ஒரு சட்டம். மேலேயும் போக முடியவில்லை; கீழேயும் போக முடியவில்லை.

"மூச்சை விடு," என்றது மேலேயிருந்து குரல். "முழுசா விடு. திரும்ப இழுக்காதே. நெஞ்சு சின்னதாகும்."

உள்ளே இருந்த காற்றையெல்லாம் விட்டான். பயம் உடம்பு முழுக்கக் கத்தியது: இழு, இழு! இழுக்கவில்லை. சட்டைப் பொத்தான் தெறித்தது. மார்புத் தோல் உரிந்தது. 'தொப்'பென்று சேற்றில் விழுந்தான்.

கண்டெய்னருக்கும் மண்ணுக்கும் நடுவே முழங்கால் உயரம்தான். மழைத் தண்ணீர் வயிற்றுக்குக் கீழே ஓடியது. புழுப்போல் நெளிந்து கதவுப் பக்கம் போனான். அங்கே, மழைக்கம்பிகளுக்கு நடுவில், இரண்டு கறுப்பு ஷூக்கள் ஓடி வந்து நின்றன. சவத்துக்குப் போகிறவனின் பளபளப்பான ஷூ. சாவிக்கொத்து குலுங்கியது.

செச்சாபா யோசிக்கவில்லை. கணுக்காலைப் பிடித்து ஒரே இழுப்பு. ஆள் முகம் குப்புற விழுந்தார். சாவி பறந்து சேற்றில் புதைந்தது. அவர் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு கல்லைத் தேடினான்.

"என்னை அப்புறம் அடிடா!" கீழிருந்து பாசேகா அலறினார். "சாவியைத் தேடு! அந்தம்மா உயிரோட இருக்காங்களா? சாவியைத் தேடுடா!"

அவர் சேற்றை இரு கையாலும் வாரி வாரிப் பார்ப்பதைக் கண்டதும் செச்சாபாவும் தானாக முட்டிபோட்டுத் தேட ஆரம்பித்தான். கொல்ல வந்தவன் சாவிக்கு அழுவானா? அவன் விரலில்தான் அது தட்டுப்பட்டது. பாசேகா பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

கதவு திறந்ததும் வெள்ளையாய் ஆவியும் நாற்றமும் வெளியே விழுந்தன. பிறகு மொசிதி விழுந்தாள். இருவரும் ஆளுக்கொரு அக்குளில் கை கொடுத்து இழுத்து மழையில் கிடத்தினார்கள். முதல் இருமல் வரும்வரை செச்சாபா அவள் கையை விடவில்லை.

கண்ணைத் திறந்ததும் அவள் பாசேகாவைப் பார்த்தாள். "யாருகிட்டயிருந்து காப்பாத்த எங்களைப் பூட்டி வெச்சீங்க?"

செச்சாபா திடுக்கிட்டான். பாசேகா சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

"மலோகா, அம்மா. நீங்க உள்ள போனதும் அவரு கார் வந்து நின்னுச்சு. சவத்துக்கு என்னை ஏத்திக்கிட்டுப் போக வந்தேன்னாரு. கண்ணு யார்டையே மேஞ்சுது. இந்தப் பக்கம் நடக்க ஆரம்பிச்சாரு. நான் முன்னால ஓடிவந்து சாத்திட்டேன். உள்ள என்னன்னாரு. காலி மூட்டைன்னேன். அப்படியே என்னை ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு, காரைவிட்டு இறங்கவே விடல. சர்ச்சிலயும் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டாரு. அரை மணியில வந்துடலாம்னு நினைச்சேன். மழை பெய்யும்னு நினைக்கல." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "லெபோனா என் தோள்மேல இருந்தான். கல்லறைக்குப் பாதி தூரம். முதல் சொட்டு விழுந்துச்சு. பக்கத்துல வந்தவன்கிட்ட பெட்டியை மாத்திக் குடுத்துட்டு ஓடி வந்தேன். மச்சானைப் பாதி வழியில விட்டுட்டு வந்தவன் நானாத்தான் இருப்பேன்."

"பூட்டைத் திறந்து வெச்சதும் நீங்க தானே?"

"வாயால சொல்லத் தைரியம் இல்ல. நீங்களா பாத்துப்பீங்கன்னு." அவர் கண்டெய்னரைக் கை காட்டினார். "இந்தக் கல்லை அன்னைக்கே அரைச்சுடச் சொல்லி அனுப்புனாரு. அரைச்சுட்டேன்னு பொய் சொன்னேன். அப்புறம் போலிக் கல்லு கேட்டாரு. மாட்டேன்னேன். 'அப்ப லெபோனா கவனக்குறைவா நின்னான்னு எழுதறேன். அவன் பொண்டாட்டி பிள்ளைங்களுக்கு நஷ்ட ஈடு ஒண்ணும் வராது. கல்லுமேல பழி விழுந்தா வரும். நீயே முடிவு பண்ணு'ன்னாரு. டிசேபோவைக் குடுத்துட்டு லெபோனா பிள்ளைங்களைக் காப்பாத்தினேன். கை மட்டும் கேக்கல. கல்லைத் திருப்பி வெச்சுடுச்சு."

மழை சட்டென்று நின்றது. மொசிதி எழுந்து, கண்டெய்னருக்குள் கையை விட்டு, மிக மெலிந்த கல்லொன்றை எடுத்துக்கொண்டாள்.

"குழியை மூடி முடிக்கறதுக்குள்ள போயிடலாம். வாங்க."

"நான் எப்படிம்மா அங்க..."

"பெட்டியைப் பாதியில விட்டீங்க. மீதியைத் தூக்க வேண்டாமா?"

அவர்கள் கல்லறைத் தோட்டத்தை அடைந்தபோது பெட்டி குழியில் இறங்கியிருந்தது. கூடாரத்தடியில் லெபோனாவின் மனைவி கெனேவே போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தாள். ஆண்கள் மண்வெட்டியோடு காத்திருந்தார்கள். மைக்கில் மலோகா பேசிக்கொண்டிருந்தார். "நம் குடும்பத்தில் ஒருவரை இழந்தோம். மட்டமான பொருளால்..."

மூவரும் கூட்டத்துக்குள் நுழைந்தார்கள். சேறும் மூத்திர நாற்றமுமாக வந்தவர்களுக்கு ஜனம் தானாக வழிவிட்டது. மலோகாவின் பேச்சு மொசிதியைக் கண்டதும் நின்றது.

பாசேகா மைக் பக்கம் போகவில்லை. நேராகப் போய்க் கெனேவேயின் முன்னால் முட்டிபோட்டார்.

"மேஜைமேல வெச்ச கல்லை நான்தான் சுட்டேன், தாயி. அது பொய்க் கல்லு. டிசேபோ மேல தப்பு இல்ல. நிஜக் கல்லு இது." மொசிதியிடமிருந்து வாங்கி அவள் மடியில் வைத்தார். "இதை எடுத்துச் சொன்னா பிள்ளைங்களுக்கு வர்றதும் நின்னு போகலாம். தெரிஞ்சுதான் சொல்றேன். என்னை என்ன வேணா செய்."

டிசேபோவைக் கைது செய்த இன்ஸ்பெக்டரும் அங்கே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கெனேவே கல்லைப் புரட்டிப் பார்த்தாள். கருகிய பக்கத்தில் ஒரு கையும் பின்பக்கத்தில் ஒரு கையும் வைத்தாள். இரண்டு கைக்கும் நடுவில் எவ்வளவு கொஞ்சம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தி மலோகாவைக் கேட்டாள்:

"இவ்வளவுதான் இருந்துச்சா? நெருப்புக்கும் அவருக்கும் நடுவுல இவ்வளவுதான் இருந்துச்சா?"

மைக் அந்தக் கேள்வியைப் பிடித்துத் தோட்டம் முழுக்கச் சொன்னது.

மலோகா தொண்டையைக் கனைத்தார். விசாரணை என்றார், நடைமுறை என்றார். யாரும் அவரைப் பார்த்துக் கத்தவில்லை. ஆலைக்காரர்கள் அந்தக் கல்லைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பினார்கள். இன்ஸ்பெக்டரின் கைக்குக் கல் வந்தது. அவர் அதை அடுத்தவரிடம் கொடுக்கவில்லை.

மலோகா மேடையிலிருந்து இறங்கி வேகமாக வாசல் பக்கம் நடந்தார். அங்கே சவத்துக்கு வந்த பஸ்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றிருந்தன. அவருடைய கார் கடைசிச் சுவரோரம், எல்லாவற்றுக்கும் பின்னால். டிரைவர்கள் அத்தனை பேரும் குழியருகே நின்றிருந்தார்கள். ஒருவரும் சாவியை எடுக்கவில்லை.

பாசேகா எழுந்து ஒரு மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். யாரும் தடுக்கவில்லை. இன்ஸ்பெக்டர், மண் விழுந்து முடியும்வரை பொறுத்திருந்து, பிறகு நிதானமாகத் தொப்பியைப் போட்டுக்கொண்டு பஸ்களை நோக்கி நடந்தார்.